உழிச்சலுக்குப் படுப்பதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், களியக்காவிளைக்குச் சில கிலோமீட்டர் இப்பால், பத்தொன்பது ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராக வேலை செய்து வருகிறேன். 1956 நவம்பர் 1 அன்று இந்தத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும், உடம்பு வலி என்றால் ஆசானிடம் போய் உழிச்சல், அதாவது எண்ணெய் போட்டு உடம்பை உருவித் தேய்க்கும் சிகிச்சை, செய்துகொள்ளும் வழக்கம் இங்கே மாறவில்லை. இந்தப் பக்கம் வர்ம ஆசான்களும் சித்த மருத்துவர்களும் இருக்கிறார்கள். சோதனைச்சாவடியைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் ஆயுர்வேத வைத்தியசாலைகள் இருக்கின்றன. இப்போது இரண்டு பக்கமும் மசாஜ் நிலையங்களும் வந்துவிட்டன. எண்ணெய்த் தேய்ப்பால் நன்றாக ஆறிய உடம்புகளைப் பார்த்திருக்கிறேன். தள்ளிப்போட வேண்டிய நாளில் தேய்த்ததால் கெட்டுப்போன உடம்புகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகையினரில் பெரும்பாலானவர்களிடம், எண்ணெயைச் சூடாக்குவதற்கு முன் யாராவது இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும். என்னிடம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

உழிச்சல், தொக்கணம், பிழிச்சல், கிழி, மசாஜ் எல்லாம் ஒன்றுதானா? எல்லாவற்றுக்கும் ஒரே எச்சரிக்கைதானா?

ஒன்றல்ல. சித்த மருத்துவம் சொல்லும் முப்பத்திரண்டு புறமருத்துவ முறைகளில் தொக்கணம் ஒன்று. அதிலேயே தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை பிரித்திருக்கிறார்கள். பிழிச்சலில் கை அழுத்தம் குறைவு, ஆனால் வெதுவெதுப்பான எண்ணெய் நெடுநேரம் உடம்பில் ஓடும். மருந்தைத் துணியில் முடிந்து சூடாக்கி ஒற்றும் கிழியில் சூடுதான் முதன்மை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்துச் செய்யும் சவிட்டு உழிச்சலில் ஓர் ஆளின் எடை உங்கள் முதுகெலும்பின்மேல் இறங்குகிறது. ஆகவே, "மசாஜ் செய்யலாமா?" என்று மருத்துவரிடம் பொதுவாகக் கேட்காதீர்கள். எவ்வளவு அழுத்துவார்கள், எவ்வளவு சூடு வைப்பார்கள், எந்த எண்ணெய் போடுவார்கள் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். சூடு கூடாத ஒருவருக்கு மெதுவான தடவல் கூடும். அழுத்தம் கூடாத ஒருவருக்கு வெறும் எண்ணெய்க் குளியல் கூடும்.

நல்ல ஆரோக்கியமாக இருக்கிறேன். வேலை அலுப்புக்குத்தான் போகிறேன். நானும் டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நாள்பட்ட நோயோ, தினசரி மாத்திரையோ, அண்மையில் அறுவை சிகிச்சையோ, காய்ச்சலோ, காரணம் தெரியாத வீக்கமோ இல்லாதவர், நல்ல கைப்பக்குவம் உள்ளவரிடம் மிதமான அழுத்தத்தில் தேய்த்துக்கொள்வதில் பெரிய ஆபத்து எதுவும் கிடையாது. மற்றவர்கள், தாங்கள் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். "பிரஷருக்கு ஒரு வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் எந்த வைத்தியருக்கும் ஒன்றும் விளங்காது. அட்டையைக் காட்டினால் விளங்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உழிச்சலின் வலியைத் தாங்க வேண்டும் என்பதற்காக வலி மாத்திரை போட்டுக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அது கூடாது. வலிக்கும்போது நீங்கள் "ஆ" என்று சொல்வதுதான் தேய்ப்பவரின் கையை நிறுத்துகிறது. அந்தக் குரலை மாத்திரை அமுக்கிவிட்டால், கை எங்கே நிற்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

கெண்டைக்கால் கல்லுபோல் இறுகிக் கிடக்கிறது. எண்ணெய் போட்டு நன்றாக உருவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலைத்தான் நீங்கள் படிக்க முடியும் என்றால், இதைப் படியுங்கள்.

கெண்டைக்கால் வலிக்குச் சாதாரணக் காரணங்கள் பல உண்டு: அதிக நடை, தண்ணீர் குடிக்காமை, இரவில் வரும் குரக்கு (தசைப்பிடிப்பு). இவை இரண்டு கால்களிலும் மாறி மாறி வரும், போகும். ஆனால் ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும் வந்து, அந்தக் கால் மற்றதைவிடச் சூடாகவோ சிவந்தோ இருந்தால், உள்ளே ஆழத்தில் இருக்கும் சிரையில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம். அந்த நிலையில் காலை அழுத்தி உருவினால் கட்டி பெயர்ந்து, ரத்த ஓட்டத்தோடு இதயத்தைக் கடந்து நுரையீரல் தமனியை அடைத்துவிடக் கூடும். சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும் அடைப்பு அது.

சில ஆண்டுகளுக்கு முன் ரப்பர் பால் வெட்டும் ஒரு அக்கா என்னிடம் வந்தார். கர்ப்பப்பை அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. "இடது கால் பிடிச்சுக்கிட்டு, ஒண்ணு தடவி விடுங்க" என்று சொல்லி, சேலையைச் சற்று உயர்த்திக் காலை நீட்டினார். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று என் மேசையில் எப்போதும் கிடக்கும். முழங்காலுக்குக் கீழே உந்தித் தெரியும் எலும்பு மேட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே, இரண்டு கால்களிலும் சுற்றளவை எடுத்தேன். வலது கால் முப்பத்தொன்று. இடது கால் முப்பத்தைந்து. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது நாங்கள் படித்த பாடம். கையில் எடுத்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, அவரை ஸ்கேன் எடுக்க அனுப்பினேன். தொடை வரை கட்டி இருந்தது. அன்றைக்கு நாடா மேசையில் இல்லாமல் போயிருந்தால் நானே அந்தக் காலை உருவியிருப்பேன் என்ற எண்ணம் இன்றும் எனக்கு நடுக்கம் தருகிறது.

அறுவை சிகிச்சை, நீண்ட நாள் படுக்கை, மாவுக்கட்டு, கர்ப்பம், பிள்ளைப்பேறு முடிந்த முதல் வாரங்கள், கருத்தடை மாத்திரை, புற்றுநோய், முன்பு ஒரு முறை ரத்தக்கட்டி வந்த வரலாறு, நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே செய்த பயணம் ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. வளைகுடாவிலிருந்து திருவனந்தபுரத்தில் வந்து இறங்கும் நம் பிள்ளைகள், "நாலு வருஷ அலுப்பு" என்று மறுநாளே உழிச்சலுக்குப் படுப்பது இங்கே வழக்கம். அவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு மூன்று நாள் நன்றாக நடந்து, இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் இல்லை என்று உறுதி செய்த பிறகு போங்கள்.

கெண்டைக்கால் வலிக்கு இன்னொரு காரணமும் நம் மண்ணில் உண்டு. அது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நிற்கும்போது, காலில் இருக்கும் சிறு கீறல் வழியாகக் கிருமி உள்ளே போகிறது. காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு ஆகியவற்றோடு கெண்டைக்காலைத் தொட்டாலே உயிர் போவதுபோல் வலிக்கும். கேரளத்தார் கர்க்கடகம் என்றும் நாம் ஆடி என்றும் சொல்லும் மழை மாதம்தான் உழிச்சலுக்கு ஏற்ற காலம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எலிக்காய்ச்சல் பரவும் காலமும் அதே மழைக்காலம்தான். வயலிலும் ஓடையிலும் தோட்டத்திலும் வேலை செய்பவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி வந்தால், அது தேய்த்துப் போகும் வலி அல்ல. சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்குவதற்கு முன் மருந்து தொடங்க வேண்டிய நோய் அது. ஆரம்பத்தில் போனால் எளிய ஆன்டிபயாட்டிக் மருந்திலேயே குணமாகும்.

காய்ச்சல் விட்டுவிட்டது, உடம்பு வலி மட்டும் போகவில்லை. இப்போது தேய்க்கலாமா?

என்ன காய்ச்சல் என்பதைப் பொறுத்தது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறையும். சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை பல ஆயிரங்களுக்கு இறங்கிய நிலையில் அழுத்தித் தேய்த்தால் தோலுக்கடியிலும் தசையிலும் ரத்தம் கசியும். எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியதை ரத்தப் பரிசோதனையில் பார்த்த பிறகே எண்ணெயைத் தொட வேண்டும்.

சிக்குன்குனியா வேறு மாதிரி. 2006, 2007 ஆண்டுகளில் கேரளத்தில் அது பரவியபோது, மாதக்கணக்கில் கைமுட்டும் கால்முட்டும் மடக்க முடியாமல் தவித்தவர்கள் எல்லையின் இரு பக்கமும் இருந்தார்கள். அந்த வலிக்கு வெதுவெதுப்பான எண்ணெய்த் தடவலும் மெதுவான அசைவுப் பயிற்சியும் இதம் தரும். ஆனால் மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாட்களில் அந்த மூட்டைப் பிசையக் கூடாது. வீக்கம் இறங்கட்டும்.

காய்ச்சல் இருக்கும்போதே தேய்ப்பது எந்த நோயிலும் கூடாது. பழைய வைத்தியர்களும் சுரத்தில் எண்ணெய் விலக்கு என்றே சொன்னார்கள்.

சுகர் இருக்கிறது. கால் மதமதவென்று இருப்பதற்காகத்தான் உழிச்சலே செய்ய நினைக்கிறேன். அதில் என்ன தவறு?

அந்த மதமதப்பே எச்சரிக்கை. நீண்ட நாள் சர்க்கரை நோயில் பாதத்து நரம்புகள் உணர்ச்சியை இழக்கின்றன. சூடு தெரியாது, முள் குத்தியது தெரியாது.

என் அம்மாவுக்கு இது நடந்தது. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை; பாதத்தில் பாதி உணர்ச்சிதான் இருந்தது. முட்டு வலிக்காக ஓர் இடத்தில் இலைக்கிழி வைத்தார்கள். கிழியைத் தேய்ப்பவர் தன் கைக்குச் சூடு பார்த்தார், சரியாக இருந்தது; ஆனால் பல ஆண்டுகளாகச் சூட்டுக்குப் பழகி மரத்த கை அது. அம்மாவும் "சுகமா இருக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இரவு வீட்டில் கால் கழுவும்போது, இடது பாதத்தின் மேல்புறம் நான்கணா அளவில் இரண்டு கொப்புளங்களை நான் பார்த்தேன். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இது எப்ப வந்தது?" என்று என்னைக் கேட்டார். அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆனது. என் வீட்டிலேயே நான் முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தில் கிழியோ சூடான எண்ணெயோ வைக்க விடாதீர்கள். பாதத்தின் அடிப்பகுதியையும் விரலிடுக்குகளையும் முதலிலேயே வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு வெடிப்போ புண்ணோ இருந்தால் அந்தக் கால் வேண்டாம். எண்ணெயின் சூட்டை, உணர்ச்சி குறையாத முன்கையின் உட்புறத்தில் விட்டு நீங்களே பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள், ஊசி குத்திய இடத்தை உடனே தேய்க்கக் கூடாது; மருந்து விரைவாக ரத்தத்தில் ஏறி, சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். வெறும் வயிற்றோடு போய்ப் படுப்பதும் அதே ஆபத்துதான். நடுவில் வியர்த்து, கை நடுங்கி, பசி எடுத்தால் எழுந்து இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். முற்றிலும் விலக்கா?

இல்லை. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் மெதுவான தேய்ப்பு கூடும். அன்று காலையில் மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு, அளந்து பார்த்துவிட்டுப் போங்கள். 180/110 அளவை எட்டியிருந்தால் தேய்ப்பு வேண்டாம். மருத்துவரிடம் போக வேண்டிய நாள் அது. அடைத்த அறையில் ஆவிக்குளியல் எடுப்பதை இதய நோயாளிகள் மருத்துவர் சொல்லாமல் செய்யக் கூடாது. தேய்த்து முடிந்ததும் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். தேய்ப்பதற்குப் படுக்க வைக்கும், எண்ணெய் வழியும் பாத்தியிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் உண்டு. ஐந்து நிமிடம் ஒருக்களித்துப் படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு ஒருவர் கையைப் பிடித்து இறங்குங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்களின் உண்மையான சிக்கல் பெரும்பாலும் அவர்கள் சாப்பிடும் மாத்திரையில் இருக்கிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை ரத்தம் உறைவதைத் தடுப்பவை. அழுத்தித் தேய்த்தால் உடம்பெல்லாம் கன்றிப்போகும். சில வேளை தசைக்குள் ரத்தம் தேங்கும். உழிச்சலுக்காக இந்த மாத்திரைகளை நாமாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. மாத்திரை தொடரட்டும், அழுத்தம் குறையட்டும்.

இடது தோளில் வாயுப் பிடிப்பு. யாராவது ஒரு தட்டுத் தட்டினால் போதுமா?

இடது தோளிலோ தாடையிலோ முதுகின் நடுவிலோ திடீரென்று வந்த வலி, வியர்வை, மூச்சிறைப்பு, குமட்டல், நெஞ்சில் பாரம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றோடு சேர்ந்திருந்தால் 108-ஐ அழையுங்கள். எல்லையின் இரண்டு பக்கமும் அதே எண்தான். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலி இல்லாமலேயே மாரடைப்பு வரலாம். எண்ணெய் தேடிக் கழியும் அரை மணி நேரம் இதயத் தசைக்குத் திரும்பக் கிடைக்காத அரை மணி நேரம்.

குறுக்கு வலிக்கு உழிச்சல் நல்லதுதானே?

பெரும்பாலான குறுக்கு வலி தசையிலிருந்து வருவது; அதற்கு நல்லதுதான். ஆனால் கால் சோர்ந்து போதல், மலசலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் அடைத்தல் அல்லது அறியாமல் போதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது முதுகுத்தண்டு நரம்புகள் நசுங்குவதன் அடையாளம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, படுத்தாலும் குறையாமல் இரவில் எழுப்பும் வலி, எடை குறைந்துகொண்டே வரும்போது இருக்கும் வலி ஆகியவற்றுக்கும் முதலில் பரிசோதனைதான் வேண்டும். முதுகெலும்புக் காசநோயும் பரவிய புற்றுநோயும் இப்படித்தான் தொடங்குகின்றன.

அறுபதைத் தாண்டிய பெண்களுக்கும், ஆஸ்துமாவுக்கோ மூட்டு நோய்க்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கும் எலும்பு மெலிந்திருக்கும். சவிட்டு உழிச்சல் அவர்களுக்கு வேண்டவே வேண்டாம். அமுக்கும்போது விலா எலும்பு முறிந்து வந்தவர்களுக்கு நான் சிகிச்சை செய்திருக்கிறேன்.

முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கிறார்கள். சுகமாக இருக்கிறதே?

சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் துளைகளுக்குள் நுழைந்து மேலே போகின்றன. தலையைச் சட்டென்று முறுக்கும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரும். இளம் வயதினருக்கும் வந்திருக்கிறது. அரிதாக நடப்பதுதான். இருந்தாலும், எந்தப் பயனும் இல்லாத ஒரு சொடக்குக்காக அந்த அரிதான ஆபத்தை ஏற்க வேண்டிய தேவை இல்லை. கழுத்தைத் தடவட்டும், திருப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வர்மப் புள்ளிகளை அழுத்துவதற்கும் இதே கண்டிப்பு பொருந்தும். படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என்று நூற்றெட்டு இடங்களை வகுத்த மரபு, அவற்றைத் தொடுவதற்கு ஆண்டுக்கணக்கான குருகுலப் பயிற்சியையும் விதித்தது. காணொளி பார்த்துக் கற்றவரின் விரலுக்கு உங்கள் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.

பையன் மரத்திலிருந்து விழுந்து கைமுட்டு வீங்கிவிட்டது. முறிவெண்ணெய் போட்டு உருவினால் நீர் இறங்குமா?

கைமுட்டை உருவவே கூடாது. குழந்தைகளுக்கும் வாலிபர்களுக்கும் அடிபட்ட கைமுட்டை அழுத்தி உருவினால், தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, கை மடக்கவும் நீட்டவும் முடியாமல் நின்றுபோகும். முறிவு கூடிய பிறகும் மடங்காத கையோடு வரும் பிள்ளைகளின் தாய்மாரைக் கேட்டால், பெரும்பாலும் "தினமும் தடவினோம்" என்றே சொல்வார்கள். அன்போடு செய்ததுதான், அதனால் அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

எந்த மூட்டாக இருந்தாலும் முதலில் எக்ஸ்ரே. முறிவு இல்லை, வெறும் சுளுக்கு என்றாலும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அழுத்தித் தேய்க்கக் கூடாது. துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம், ஓய்வு, அடிபட்ட கையையோ காலையோ சற்று உயர்த்தி வைத்தல் ஆகியவை போதும். முறிவெண்ணெயை வீக்கத்தின்மேல் பஞ்சில் நனைத்து வைத்துக் கட்டலாம். அந்த எண்ணெய் உருவுவதற்காக அல்ல, நனைத்து வைப்பதற்காகவே பெரும்பாலும் பயன்பட்டு வந்திருக்கிறது.

கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் என்ன கவனிக்க வேண்டும்?

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் தவிர்ப்பது நல்லது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து நெடுநேரம் படுத்தால் கருப்பை பெரிய சிரையை அழுத்தித் தலைசுற்றும்; இடது பக்கம் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். வயிற்றை யாரும் தடவக் கூடாது. குழந்தை திரும்பிக் கிடக்கிறது, தடவிச் சரி செய்கிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பேறுகாலக் கவனிப்பில், மூலிகை இலை போட்டுக் கொதிக்கவைத்த நீரில் குளிக்கும் வேது குளியலும் எண்ணெய்த் தேய்ப்பும் எல்லையின் இரு பக்கத்துக் குடும்பங்களுக்கும் பொதுவான வழக்கம். அந்த அரவணைப்பு தாய்க்கு மிகவும் தேவை என்பது என் உறுதியான கருத்து. சிசேரியன் ஆனவர்களுக்கு மட்டும், தழும்பு உள்ளேயும் ஆற ஏறக்குறைய ஆறு வாரம் வேண்டும். அதுவரை வயிற்றில் கை படக் கூடாது. வயிற்றில் கொதிநீரை வீசி அடிப்பதும் கூடாது. பேறு முடிந்த இந்த ஆறு வாரமும் காலில் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், தேய்க்க வரும் அம்மாவிடம் தினமும் முதலில் இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஒரு முறை சொல்லிக் கொடுத்தால், நம்மைவிட நன்றாகப் பார்ப்பார்கள்.

பச்சைக் குழந்தைக்கு?

மெதுவாகத் தடவுங்கள், தேங்காய் எண்ணெய் போதும், கடுகெண்ணெய் வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய் ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். மூக்கை இழுத்து எடுப்பாக்குவது, தலையைப் பிடித்து உருட்டுவது, குடலேற்றம் என்று தலைகீழாகப் பிடித்துத் தட்டுவது ஆகிய எதுவும் வேண்டாம். வயிற்றுவலியால் அழும் குழந்தையின் வயிற்றைத் தேய்த்து நேரத்தைப் போக்கினால், உள்ளே குடல் அடைப்பு இருந்தால் அது முற்றிவிடும்.

தைலம் ஒத்துக்கொள்ளுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் நாளே அந்தத் தைலத்தில் இரண்டு சொட்டு வாங்கி, முன்கையின் உட்புறத்தில் தடவி, ஒரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாது. எண்ணெய்களின் அடிப்படையும் தெரிந்திருக்க வேண்டும்: தன்வந்தரம், கொட்டம்சுக்காதி போன்றவை நல்லெண்ணெயில் காய்ச்சப்படுபவை, எள் ஒவ்வாதவர்களுக்கு அவை கூடாது. கொட்டம்சுக்காதியில் சுக்கு, பூண்டு, கடுகு எல்லாம் சேர்வதால் மென்மையான தோலில் எரியும். முறிவெண்ணெய் தேங்காய் எண்ணெயில் காய்ச்சப்படுவது.

ஒருவர் உடம்பில் வழிந்த எண்ணெயை இன்னொருவருக்குப் பயன்படுத்துகிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பிழிச்சலுக்கு நிறைய எண்ணெய் வேண்டும், விலையும் அதிகம். அதனால் உங்களுடைய எண்ணெயையே அடுத்தடுத்த நாட்களில் உங்களுக்குச் சூடாக்குவது உண்டு. அது வேறு. வேறொருவருடைய எண்ணெய் உங்கள்மேல் வரக் கூடாது.

படர்தாமரை இருக்கிறது. மறைத்துக்கொண்டு போகலாமா?

வேண்டாம். படர்தாமரையும் சொறியும் தேய்க்கும் கை வழியாக உங்கள் உடம்பெங்கும் பரவும், பாத்தி வழியாக அடுத்தவருக்கும் போகும். குணமான பிறகு போங்கள். சீழ்ப்புண், அம்மை, வெயிலில் கருகிய தோல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். யானைக்கால் உள்ளவருக்குக் கால் சிவந்து குளிரோடு காய்ச்சல் வரும் நாட்களில் அந்தக் காலைத் தொடக் கூடாது.

புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களைத் தொடவே கூடாதா?

மென்மையான தொடுகை அவர்களுக்கு வலியையும் கவலையையும் குறைக்கும், விலக்கி வைக்காதீர்கள். கட்டி இருந்த இடம், கதிர்வீச்சு கொடுத்த தோல், கீமோ ஊசிக்காகப் பதித்த குழாய் இருக்கும் இடம், கட்டி பரவிய எலும்பு ஆகியவற்றை மட்டும் தொடக் கூடாது. மார்பக அறுவையில் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு, அந்தப் பக்கக் கையை அழுத்தித் தேய்த்தால் கை வீங்கும். அதற்கென்று பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும். சிகிச்சை செய்யும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போவது கட்டாயம்.

பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்கு ஆள் வைத்துத் தேய்க்கிறோம். கவனிக்க வேண்டியது என்ன?

செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவோ தூக்கவோ கூடாது. தசைப்பிடிமானம் இல்லாததால் தோள்மூட்டு எளிதில் நழுவும். பிறகு அந்த வலியே அவரைப் பயிற்சி செய்ய விடாது. எண்ணெய்த் தேய்ப்பு இதம் தரும், ஆனால் நடையைத் திருப்பிக் கொடுப்பது பயிற்சிதான். முதல் மூன்று மாதங்களைத் தேய்ப்பிலேயே கழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. மூளை மிக வேகமாகத் தேறிவரும் காலம் அதுதான்.

போகும் இடம் சரியானதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உள்ளே போனதும் அவர்கள் உங்களைக் கேள்வி கேட்கிறார்களா என்று பாருங்கள். என்ன வலி, எத்தனை நாளாக, என்ன மாத்திரை, என்ன அறுவை சிகிச்சை என்று கேட்காமல் நேராகத் துண்டை நீட்டும் இடத்திலிருந்து திரும்பிவிடுவது நல்லது. சித்தாவோ ஆயுர்வேதமோ படித்துப் பதிவு பெற்ற மருத்துவர் அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள். நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. தனியாரிடம் போகத் தயங்குபவர்கள் அங்கே போய் ஆலோசனை கேட்கலாம்.

தேய்ப்பவர் கை கழுவுகிறாரா, நகம் வெட்டியிருக்கிறாரா, மோதிரத்தைக் கழற்றுகிறாரா, விரிப்பை மாற்றுகிறாரா என்று பாருங்கள். பெண்களுக்குப் பெண்ணே தேய்ப்பதுதான் இங்கே முறை. எந்த நேரத்திலும் "போதும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொன்ன உடனே கை நிற்காத இடத்துக்கு மறுபடி போகாதீர்கள்.

வீட்டில் வாங்கி வைத்திருக்கும் மசாஜ் கருவிகள்?

அதிரும் கருவிகளைக் கழுத்தின் முன்புறத்திலும் பக்கங்களிலும், சுருள்சிரை புடைத்த இடத்திலும், எலும்பு தெரியும் இடத்திலும் வைக்காதீர்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் கருவியையும் பயன்படுத்தக் கூடாது.

அன்றைய நாளில் சாப்பாடு, குளியல், பயணம் எப்படி?

சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துப் படுங்கள். மது குடித்த நாளில் வேண்டாம். முன்னும் பின்னும் தண்ணீரோ கஞ்சியோ குடியுங்கள். எண்ணெயைப் பயற்றம் மாவு போட்டு உள்ளங்காலிலிருந்து முழுவதுமாக எடுத்த பிறகே குளியலறையில் நடங்கள். முதியவர்களுக்கு நாற்காலி போட்டுக் கொடுங்கள். உடனே இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு குழித்துறைப் பாலத்து நெரிசலுக்குள் போகாதீர்கள். தசை தளர்ந்து தூக்கம் வரும் நேரம் அது. அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

தேய்த்த பிறகு எப்போது பயப்பட வேண்டும்?

மறுநாள் லேசான உடம்புவலி இயல்பு, இரண்டு நாளில் போய்விடும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், ஒரு பக்கக் கையோ காலோ தளர்தல், வாய் கோணுதல், இதுவரை இல்லாத கடும் தலைவலி அல்லது கழுத்துவலி ஆகியவை வந்தால் உடனே 108. பரவிக்கொண்டே போகும் கன்றல், கொப்புளம், ஒரு காலில் வீக்கம், கறுத்துப்போன சிறுநீர் ஆகியவற்றுக்கு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அங்கே போனதும், "நேற்று உழிச்சல் செய்தேன், இந்த இடத்தில் அழுத்தினார்கள், இந்த எண்ணெய் போட்டார்கள்" என்று முதலிலேயே சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து பலர் இதை மறைக்கிறார்கள். அதனால் மருத்துவர் வேறு எங்கெங்கோ காரணத்தைத் தேட வேண்டியதாகிறது.